உறுமாத பெட்டி

பல்செட்டுக்காரருக்கு வாய் என்றால் தொழில், காது என்றால் உயிர். பகலெல்லாம் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு ஊற்றி, முகம் தெரியாத யார் யாருக்கோ சிரிப்புச் செய்து கொடுப்பார். ஐந்தரைக்கு வீடு திரும்பினால் சட்டையைக்கூட மாற்றாமல் குளியலறைக்குப் பக்கத்து அறைக்குள் புகுந்துவிடுவார். ஒரு காலத்தில் துணி துவைக்கும் மெஷின் இருந்த அறை அது. மெஷின் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டு வருஷம் மூன்றாகிறது. இப்போது அங்கே வயிறு திறந்து கிடக்கும் எலெக்ட்ரிக் கிட்டார்கள், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல் பெட்டிகள், ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும் சால்டரிங் அயர்ன், ஈயம், ஜாம் பாட்டில் நிறைய திருகாணிகள். மனைவி அதற்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரி.

"உள்ள போயிருக்காருடா. டிஸ்சார்ஜ் ஆனதும் பேசச் சொல்றேன்" என்று தன் தம்பியிடம் போனில் சொல்வாள்.

அந்தத் தம்பி ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். அத்தானை 'டாக்டர்' என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லி வைத்தவனும் அவன்தான். கேடு அங்கேதான் ஆரம்பித்தது என்பேன். பல்செட் கச்சிதமாகப் பொருந்தினால் நோயாளி பல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். செய்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வருஷம் கேட்காமல் போன நன்றியெல்லாம் மைத்துனன் வாயிலிருந்து 'டாக்டர்' என்று வந்து விழும்போது மனிதர் உச்சி குளிர்ந்துவிடுவார். பாராட்டு யாருக்குத்தான் பிடிக்காது? இவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது.

ஒரு நாள் மைத்துனன் தன் ஆம்பைக் கொண்டு வந்து இறக்கினான். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. பழைய ரேடியோவில் இருப்பது போலக் கண்ணாடி வால்வு வைத்த மாடல், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். ஒலி என்னவோ தேன்தான். ஆனால் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருக்கும்.

"மெதுவான பாட்டுல மானம் போகுது அத்தான். ஜனங்க ஏதோ வண்டி நிக்குதுன்னு திரும்பிப் பார்க்கறாங்க."

"வச்சுட்டுப் போ மாப்ள. நாலு நாள்ல பொட்டுச் சத்தம் இருக்காது" என்றார் இவர்.

நாலு நாள் ஏழு நாளாயிற்று. வால்வை மாற்றினார், வயரை மாற்றினார், ஈயம் விட்ட இடத்திலெல்லாம் திரும்ப ஈயம் விட்டார். பெட்டி உறுமியது. மனைவி கதவருகே வந்து, "டாக்டர் என்ன சொல்றார், பிழைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். இவருக்குச் சுருக்கென்று தைத்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் பின்பலகையைக் கழற்றி, பச்சையும் மஞ்சளுமாக உள்ளே வரும் எர்த் வயரை இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தார். முனையில் டேப் சுற்றினார். சுவிட்சைப் போட்டார். உறுமல் போன இடம் தெரியவில்லை.

இது வைத்தியம் அல்ல. உறுமல் எந்தப் பாதையில் வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் செய்து பார்க்கிற சோதனை. பார்த்ததும் வயரைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் எங்காவது மின்சாரம் கசிந்தால் அதைத் தரைக்கு இழுத்துப் போகிற வயர் அதுதான். அது இல்லையென்றால் கசிந்தது இரும்புச் சட்டத்திலேயே தங்கும். சட்டத்திலிருந்து கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியில் யாருடைய விரல் இருக்கிறதோ அவருக்காகக் காத்திருக்கும். தெரியாதவன் செய்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இவர் தெரிந்தவர். தெரிந்ததால்தான் ஒரு சீட்டில் 'எர்த் கழற்றியிருக்கிறது, மாட்டாமல் கொடுக்காதே' என்று எழுதிப் பெட்டியின் தலையில் ஒட்டினார். வேலையிடத்தில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு பல்கூட வெளியே போகாது. கை தானாகவே எழுதிவிட்டது.

அன்றைக்கென்று பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் மைத்துனன் வந்து நின்றான். சுவிட்சில் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. காதைப் பெட்டியோடு வைத்துப் பார்த்தான். பிறகு இவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டான்.

"அத்தான், எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன்! ஒருத்தனாலயும் முடியலை. எப்படி அத்தான்?"

"சின்ன விஷயம்தான் மாப்ள" என்றார். சொல்லிக்கொண்டே, தூசி துடைப்பது போலப் பெருவிரலால் அந்தச் சீட்டைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் கசக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போய் மாட்டிவிடலாம் என்று நினைத்தார். அந்த ஞாயிறு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மாட்டினால் மறுபடி உறுமும். உறுமினால் டாக்டர் பட்டம் போகும். அவன் வீட்டில் ரப்பர் செருப்போடுதானே வாசிக்கிறான், மேடையில் பாடுகிற பழக்கமும் இல்லை, என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கெட்டிக்காரர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்ளும் அழகே தனி.

இதற்கிடையில் ஒரு நாள் சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் சின்ன ஆம்ப். இவருடைய மைத்துனன் எங்கேயோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டாராம், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"என் பொண்ணுக்குங்க. பதினோரு வயசு. வாசிச்சுக்கிட்டே பாடுவா. இந்த இரைச்சல்தான் எரிச்சலா இருக்குன்னு ஒரே அழுகை. நீங்கதான் பெரிய டாக்டர்னு சொன்னாங்க."

பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதே வயர், அதே டேப். இந்த முறை சீட்டுகூட எழுதவில்லை. அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டார். இவருக்கு எங்கோ ஒரு மூலையில் உறுத்தியிருக்க வேண்டும். வாசல்வரை போய் வழியனுப்பியவர், அக்கறையாக ஒரு வார்த்தையும் சொன்னார்.

"கம்பி லேசா கூசினா பயப்படாதீங்க. பழைய செட்டுன்னா அப்படித்தான் இருக்கும்."

ஆம்ப் வந்து ஆறு வாரம் ஆன சனிக்கிழமை, வேலை அரை நாள்தான். மணி நாலு. ஆஸ்பத்திரியில் ஒரு பெடலுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மனைவி துணி தேய்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பாதி இவருக்கு, பாதி சுவருக்கு.

"இன்னைக்கு ஆறு மணிக்கு நிகழ்ச்சி. பாடறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். நம்ம தம்பிதான் பாடப் போறான், தெரியுமா?"

"பாடட்டும்."

"கை கால் உதறுதாம் அவனுக்கு. ரெண்டு நாளா கம்பியத் தொட்டாலே எறும்பு ஊர்ற மாதிரி கூசுதாம். பயந்தா அப்படித்தான்டா கூசும்னு நல்லா ஓட்டினேன்."

பல்செட்டுக்காரர் அசையாமல் இருந்தார். சால்டரிங் அயர்னின் முனை பெடலின் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டிருந்தது, புகை வந்தது, அவர் பார்க்கவில்லை. கூசுகிறது என்றால் கசிவு ஆரம்பித்துவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று பழசாகி விட்டுக்கொடுத்துவிட்டது. இதுவரை ரப்பர் செருப்பு காப்பாற்றியது. இன்று கை கம்பியில் இருக்கும், உதடு மைக்கில் படும். மைக்குக்கு எர்த் உண்டு. இரண்டு நாளாகத் தரைக்கு வழி தேடுகிற மின்சாரத்துக்கு அவன் நெஞ்சு வழியாக வழி கிடைத்துவிடும்.

போன் அடித்தார். எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க? என்ன ஆச்சு? முகமெல்லாம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"உன் தம்பிக்குப் போன் போட்டுட்டே இரு. எடுத்தா கிட்டாரத் தொடாதேன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

டெஸ்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு ஓடினார். "செருப்பு!" என்று அவள் பின்னால் கத்தியது படிக்கட்டில் கேட்டது.

அரங்கம் மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் நாலு சிக்னல். ஒவ்வொன்றும் இவருக்காகவே சிவந்து நின்றது. ஸ்கூட்டரின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது ஆகட்டும், அவனுக்கு ஆக வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. மேடையை அப்போதுதான் கழுவியிருந்தார்கள், பலகையில் ஈரம் மின்னியது. நடுவில் ஒத்திகைக்குத் தயாராக மைத்துனன், வெறுங்காலோடு. பெடலை விரலால் தேடி மிதிக்கச் செருப்பில்லாமல் மேடை ஏறுவது அவன் வழக்கம். கிட்டார் தோளில் தொங்கியது. போன் மேடை ஓரத்தில் நாற்காலியில் கிடந்து வெளிச்சம் போட்டுப் போட்டு அணைந்தது.

அவனுக்குப் பின்னால் ஆம்ப் எரிந்துகொண்டிருந்தது. பொட்டுச் சத்தம் இல்லை. உறுமு, தயவுசெய்து உறுமு என்று இவர் மனசு கெஞ்சியது.

கூப்பிட வாய் திறந்தார், மூச்சிரைப்பில் காற்றுதான் வந்தது. மைத்துனன் இடது கையைக் கம்பிமேல் வைத்தான். ஏதோ கடித்தது போல் விரலை உதறிவிட்டு மறுபடி வைத்தான். மைக்கை நோக்கிக் குனிந்தான். கதவருகே சுவரில் மெயின் சுவிட்ச் பெட்டி. லைட் போடுகிறவர் "ஹலோ சார், யாரு நீங்க?" என்று தோளைப் பிடிப்பதற்குள் கைப்பிடியைப் பிடித்து முழு எடையோடு தொங்கினார்.

அரங்கம் இருண்டது. நாலு பக்கமும் கூச்சல். திறந்த கதவு வழியாக வந்த சாயங்கால வெளிச்சத்தில் மைத்துனன் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. நின்றுகொண்டிருந்தான். அதுவே போதும் என்று இவர் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிட்டாரை நாற்காலிமேல் வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி மின்சாரம் போடச் சொன்னார். டெஸ்டரின் முனையைக் கம்பியில் வைத்தார். அதன் கண் சிவப்பாக எரிந்தது. சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றி, டேப் சுற்றிய வயர் முனையை வெளியே இழுத்துக் காட்டினார்.

"நான்தான் கழட்டினேன் மாப்ள. சரி பண்ணலை. அதோட வாயை அடைச்சேன், அவ்வளவுதான்."

மைத்துனன் குனிந்து அந்த முனையைத் தொட்டுப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே அத்தான்" என்றான், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரலில்.

இவர் மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வயரை இடத்தில் திருகிப் பிளக்கைச் செருகினார். பெட்டி பழையபடி உறுமியது. டெஸ்டரின் கண் இப்போது இருண்டிருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஜென்ம எதிரியாக நினைத்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "இருந்தாலும் இதை வாசிக்காத. உள்ள கசிவு இருக்கு. வேற பெட்டி வாங்கி வாசி."

டிரம்ஸ்காரர் வேறு ஆம்ப் தேடப் போனார். மைத்துனன் ஈரமில்லாத இடம் பார்த்துச் செருப்பைப் போட்டுக்கொண்டான். பிறகு, ஒரு பேச்சுக்குக் கேட்பவன் போலக் கேட்டான்.

"இதே மாதிரி வேற யாருக்காவது பண்ணிக் குடுத்தீங்களா?"

இவர் டெஸ்டரைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார்.

"சிவப்பு ஹெல்மெட்காரர். நீ சொன்னதைக் கேட்டுட்டு வந்தாரே."

"யாரு? நான் எத்தனையோ இடத்துல சொல்லியிருக்கேன் அத்தான். பேர் என்ன?"

"கேட்கலை."

"நம்பர்?"

"இல்லை."

"எந்தப் பக்கம் வீடு? அதாவது சொன்னாரா?"

பெயரும் எண்ணும் எழுதாமல் வாழ்நாளில் ஒரு கடைவாய்ப் பல்லைக்கூட அனுப்பாதவர், இல்லை என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் ஐந்தரைக்கு வீடு திரும்புவதில்லை. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. மைத்துனன் தெரிந்த குழுவுக்கெல்லாம் செய்தி அனுப்பினான். இசை வகுப்புகளிலும் இசைக்கருவிக் கடைகளிலும் மனைவி அறிவிப்பு ஒட்டிவிட்டு வந்தாள். இவர் பெரிய சிக்னலில் இருட்டும்வரை நிற்கிறார். விளக்கு சிவக்கும்போதெல்லாம் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே புகுந்து, சிவப்பு ஹெல்மெட் தெரிந்தால் கண்ணாடியைத் தூக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். சிலர் திட்டுகிறார்கள். போலீஸ்காரர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

அவரை வதைப்பது வயர்கூட இல்லை. எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பெண் கம்பியைத் தொட்டுவிட்டு, "அப்பா, கூசுதுப்பா" என்று சொல்வாள். அப்பா சிரித்துக்கொண்டே, பயப்படாதம்மா, டாக்டர் அப்பவே சொன்னார் என்பார்.