பெரிய வீட்டுக்குச் சொன்ன சேதி

என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். "வேலை ஆர்டர் கைக்கு வரட்டும்ப்பா, அப்பறம் சொல்லிக்கலாம்" என்று என் மகள் சித்ரா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டேனா?

எங்கள் கொத்தமங்கலத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஒரு நல்லது நடந்தால், அண்டை வீட்டுக்கு முன்னால் பெரிய வீட்டுக்குச் சேதி போக வேண்டும். என் அப்பா அந்த வீட்டு மாடுகளைப் பார்த்தார். நான் காரை ஓட்டுகிறேன். பிள்ளை பிறந்தாலும் சரி, வீட்டுக்கு ஓடு மாற்றினாலும் சரி, வெற்றிலை பாக்கோடு போய் நின்று சொல்லிவிட்டு வருவோம். இதை மட்டும் மறைத்தால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தேன்.

சித்ராவுக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை. நேர்முகத் தேர்வில் அவள்தான் முதல். திங்கட்கிழமை வந்து சேரும்படியும், ஆர்டர் தபாலில் வருமென்றும் முதல்வரே சொல்லியிருந்தார். இது இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனிதான். அங்கே போகக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நூலகவியல் படித்தாள்.

போய்ச் சொன்னதும் பெரிய வீட்டு உடையப்பன் அய்யாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வா பூமிநாதா. நம்ம சித்ராவா? ஒங்க வம்சத்துலயே மொத ஆளுல்ல. ஆர்டர் வந்துருச்சா?"

"இன்னும் இல்லங்கய்யா. திங்கக்கெழம சேரச் சொல்லியிருக்காக."

"அந்தக் காலேஜ் கமிட்டியில நம்மாளுகதான் இருக்காக. ஒரு வார்த்தை பேசுறேன்."

கும்பிட்டுவிட்டு வந்தேன். வரும் வழியில் அல்வா வேறு வாங்கினேன்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று, தபால் வரவில்லை. திங்கள் காலை காரை எடுக்கப் போனால், அய்யாவின் அக்கா மகன் கோபிநாத் புதுச் சட்டையும் திருநீறுமாக நிற்கிறான். ஏதோ ஒரு டிகிரி முடித்து நாலு வருடமாக வீட்டோடு இருப்பவன். கையில் கல்லூரியின் பெயர் போட்ட உறை.

"நீ வந்து சொன்னப்பறந்தான் அங்க எடம் இருக்குன்னே தெரிஞ்சுச்சு" என்றார் அய்யா. குரலில் துளியும் கூச்சமில்லை. "இவனுக்கு ஒண்ணுமே அமையல, பாவம். ஒம் மக கெட்டிக்காரி. எங்குட்டுப் போனாலும் பொழைச்சுக்கிருவா."

"சரிங்கய்யா" என்றேன். அந்த வீட்டில் வேறு வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. ஆத்திரம் வந்தது. பாதி அவர்மீது, பாதி என்மீது.

கார் மெயின் ரோட்டில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து கோபிநாத் முன்னால் எட்டிப் பார்த்தான். கெட்ட பையன் இல்லை.

"பூமிண்ணே, லைப்ரரியில என்னண்ணே வேலை? புத்தகத்த எப்புடி அடுக்குவாக? எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே."

எனக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சித்ரா சொல்லுவாள். ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு, அதைப் புத்தகத்தின் முதுகில் ஒட்ட வேண்டும், அந்த வரிசையில்தான் அலமாரியில் வைக்க வேண்டும். இடம் மாறி வைத்துவிட்டால் புத்தகம் இருந்தும் யாருக்கும் கிடைக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லூரி வாசல் வரை அதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.