மாதாவின் இடது கண்

1

இந்தக் கதையை ஓர்னெல்லா எனக்குச் சொல்லவில்லை. அவள் பட்டறைக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் சிரித்தேன். எழுத உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இத்தாலியின் உம்பிரியா மலைகளில் அந்தி சாயும் வேளையில் ஓர்னெல்லா தூரிகையை…’

(வேண்டாம். அவள் விடிந்ததும் வேலையைத் தொடங்குகிறவள். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டிவிட வேண்டும், காய்ந்தால் சாயம் ஒட்டாது.)

2

பழைய கோயில் சுவரோவியங்களை அச்சு அசலாகத் திரும்பத் தீட்டுவது அவள் தொழில். அசலில் விரிசல் இருந்தால் விரிசலையும் தீட்டுவாள், மெழுகுவத்திக் கரி இருந்தால் கரியையும். தன்னுடையது என்று ஒரு கோடு இழுத்ததில்லை.

மலைமேல் ஒரு கிராமக் கோயிலின் மாதா ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறுஞ்சுவரைப் பார்த்துப் பூசை வைக்க முடியாமல் பங்குச்சாமி டான் ஃபுல்ஜென்சியோ இவளை அழைத்தார். அசலில் மாதாவின் இடது கண் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. ஓர்னெல்லா அந்தப் பள்ளத்தையும் அப்படியே தீட்டியிருக்க வேண்டும். [இங்கே ஒரு காரணம் வேண்டும். கனவு? காதல்? இரண்டும் பொய்யாக இருக்கின்றன.] அங்கே ஒரு கண்ணை வரைந்துவிட்டாள். நல்ல கண். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

3

ஞாயிற்றுக்கிழமை கோயில் இரண்டுபட்டது என்று எழுத ஆசை. இல்லை, எல்லாரும் ஒரே பக்கம்தான்.

“யாரு இது?” என்றாள் பீடத்துக்குப் பூ வைக்கும் செராஃபினா.

“மாதா” என்றாள் ஓர்னெல்லா.

“எங்க மாதாவுக்கு ஒரு கண்ணுதான்டி. பாதிப் பாவத்தப் பாக்காம விட்டுருவா. அத நம்பித்தான் இந்த ஊரே குடித்தனம் பண்ணுது. இவ முறைக்கிறா.”

“முறைக்கல. பாக்குறா.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

டான் ஃபுல்ஜென்சியோ கையைப் பிசைந்தார். “அந்தக் கண்ண மட்டும் அழிச்சிரும்மா.”

“அது சுண்ணாம்போட சேந்து கல்லாயிருச்சு சாமி. இனி கொத்தித்தான் எடுக்கணும்.”

(இந்தக் கதையிலேயே நான் மூன்று பத்திகளை அடித்திருக்கிறேன். அவளுக்கு அந்தச் சலுகை இல்லை. எனக்கு அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: ஓர்னெல்லா அழுதுகொண்டே கொத்தினாள். (அவள் அழுகிற ஆள் இல்லை.)

முடிவு இரண்டு: ஊர் மனம் மாறி… (அந்த ஊரை எனக்குத் தெரியும்.)

முடிவு மூன்று: அவள் உளியையும் சுத்தியலையும் நீட்டினாள். “வேண்டாங்கிறவங்க கொத்திக்குங்க.”

சாமி வாங்கினார். மாதாவை நிமிர்ந்து பார்த்தார். செராஃபினாவிடம் கொடுத்தார்.

“மாதா கண்ணுல நானா குத்துவேன்?” என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினாள். சுத்தியல் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. கடைசி பெஞ்சில் ஆள் இல்லை. எழுதுகிற நானே போய் உட்கார வேண்டியதாயிற்று.

எனக்கு அந்தக் கண் பிடித்திருக்கிறது, கொத்த மாட்டேன். கொத்தாதீர்கள் என்று இந்த ஊரிடம் சொல்லவும் துணிச்சல் இல்லை. ஓர்னெல்லா திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

இந்தாருங்கள், பிடியுங்கள். உங்களுக்குப் பின்னால் பெஞ்சு கிடையாது.