கிடங்கில் இடமில்லை

மெமரி சிப் கம்பெனியின் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வருஷம் அடுக்குகள் நிரம்பி, நடைபாதை நிரம்பி, கடைசியில் சாப்பாட்டு அறைக்குள்ளும் பெட்டிகள் வந்துவிட்டன. ஒரு பெட்டிமேல் டிபன் பாக்ஸை வைத்துத்தான் அவர் சாப்பிட்டார்.

அதே வாரத்தில்தான் கடன் எடுத்து அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினார்.

யோசனை மச்சினனுடையது. கடன் கொடுத்த வங்கியின் கடன் பிரிவில்தான் அவனுக்கு வேலை.

"அத்தான், உலகமே சிப்புக்கு அலையுது. வட்டியும் இறங்கப்போகுது. இப்ப விட்டா பிடிக்க முடியாது."

"அங்க சரக்கு மலையாக் கிடக்குதுடா."

"தேவை இல்லாமலா செய்றாங்க? படிச்சவன் கணக்குப் போட்டிருப்பான்."

அவருக்கும் அப்படித்தான் பட்டது. மனைவி மட்டும் கேட்டாள்: "விக்காத சாமானுக்கு விலை எப்படிங்க ஏறும்?"

"உனக்கு மார்க்கெட் புரியாது," என்றார், தனக்குப் புரிந்த மாதிரி.

இரண்டு மாதம் ஏறத்தான் செய்தது. பெட்டிகளின் மறைவில் நின்று போனில் விலை பார்த்துச் சிரித்துக்கொள்வார். ஆனால் மற்ற கம்பெனிகளும் விடாமல் செய்து குவித்திருந்தன. சிப் விலை பாதியானது. பங்கு தலைகுப்புற விழுந்தது. வட்டியோ இறங்குவதற்குப் பதில் ஏறியது. தவணை கூடிவிட்டதாக வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் மச்சினன் கையெழுத்து.

"என்னடா இது?"

"ஆபீஸ் விஷயம் அத்தான், மனசுல வச்சுக்காதீங்க."

ஒரு புதன்கிழமை எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு விற்றார். பாதிக் கடன் அடைந்தது. தொல்லை விட்டது என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். "உற்பத்தியைக் குறைக்கிறோம். கிடங்கையும் மூடறோம். உங்கமேல ஒரு குறையும் இல்ல."

வேலைநீக்கக் காகிதத்தோடு வெளியே வந்தவரிடம் வாசல் காவலாளி ஓடிவந்து போனைக் காட்டினார்.

"சார், பாத்தீங்களா? ஆள் குறைக்கிறாங்கன்னு சேதி வந்ததும் பங்கு ஒரே தாவு!"

"நீங்க வாங்கியிருக்கீங்களா?"

"புதன்கிழமைதான் சார், கொஞ்சமா. எவனோ கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டுப் போயிருக்கான்."

"யாரோ அவசரக்காரன்," என்றார் அவர். காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போது ஒரு துணிக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மிச்சக் கடன் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. கடன்களை நன்றாக வசூலித்ததற்காக மச்சினனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அக்கா வீட்டுக்கும் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தான்.