போர்வைக்குச் சொன்ன நொட்டை

துணிக்கடைத் தெருவில் அவரை முகத்துக்கு நேரே முதலாளி என்பார்கள். தலை மறைந்ததும் நொட்டைக்காரர். கொள்முதலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிடிக்காத சரக்கு என்றால் "அருமையாயிருக்கு, அப்புறம் பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். பிடித்துப்போனால்தான் வம்பு. ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார், சூள் கொட்டுவார், நூல் மட்டம் என்பார், சாயம் நிற்காது என்பார். விற்க வந்தவனும் லேசுப்பட்டவனா? முதலாளி நொட்டை சொல்ல ஆரம்பித்துவிட்டார், சரக்கு போய்விட்டது என்று மனசுக்குள் குதித்தபடியே, "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க முதலாளி" என்று அவனும் இறங்குவான். வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் குறை சொன்னால் மறுபடி ஊற்ற வேண்டும் என்பது மனைவிக்குப் பழகிப்போயிருந்தது.

அப்பேர்ப்பட்டவரை மலைமேல் சைக்கிளில் ஏற்றிவிட்டாள் அந்த மனைவி. டாக்டர் நடக்கச் சொன்னார். இவள் மிதிக்க வைத்தாள். பொறுப்பான பயணமாம். சின்னக் கூட்டம், முன்னால் ஒரு வழிகாட்டிப் பெண். மிட்டாய்த் தாளைக்கூடப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஓட்டல் கிடையாது, மலையில் இருப்பவர்கள் வீட்டிலேயே தங்கல்.

அன்று சாயங்காலம் கடைசி வளைவில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினாள். நொட்டைக்காரர் மட்டும் ஒரு வளைவு கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

"கியரை மாத்துங்க சார்!" என்று மேலேயிருந்து கத்தினாள்.

"நானும் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்மா, மலை மாற மாட்டேங்குது!"

சிரித்துவிட்டு, மற்றவர்களிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். இன்றைக்குத் தங்கப்போவது புது வீடு. நாம்தான் முதல் விருந்தாளிகள். வந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒத்துப்போனால் இந்த வீடு நம் வழியில் சேர்ந்துவிடும். இல்லாவிட்டால், குளிர் வருவதற்குள் அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு அடிவாரத்துக்குக் கூலிவேலைக்கு இறங்கிவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பயம், தன் வீடு மற்றவர்களுக்குத் தகுமா என்று. பார்த்துப் பேசுங்கள்.

இதில் ஒரு சொல்கூட நொட்டைக்காரர் காதில் விழவில்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மற்றவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

தகரக் கூரை, பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கிய ஒரே பெரிய அறை. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, ஆள் கை எட்டிய மட்டும். தரை இன்னும் கழுவிய ஈரத்தோடு இருந்தது. மனைவி முகம் கழுவப் போயிருந்த நேரம், வீட்டுக்கார அம்மாள் ஒரு கம்பளிப் போர்வையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் கட்டிலில் வைத்தாள்.

அவர் விரல் தானாகப் போயிற்று. தொட்டவுடனே தெரிந்துவிட்டது. அவர் கைக்கு இப்படி ஒரு கம்பளி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பஞ்சு மாதிரி இறங்குகிறது, விட்டால் நிமிர்ந்துகொள்கிறது. நாக்கில் எச்சில் ஊறிவிட்டது மனிதருக்கு.

ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். சூள் கொட்டினார்.

"ஓரம் இழுக்குதே. நூலும் ஒரு சீராயில்ல. ரெண்டு தண்ணி கண்டா இந்தச் சாயம் எங்க நிக்கப்போகுது?"

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த அம்மாள் போர்வையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "மாத்திக் கொண்டாறேங்க" என்று அதை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வேறொன்று வந்தது: மெல்லிசு, பளபளப்பு, கடைச் சரக்கு. அவர் கடை வாசலில் குவித்துப்போட்டு விற்பதே இந்த ரகம்தான்.

அடேயப்பா, கைகாரி, நல்லதை ஒளித்துக்கொண்டு மட்டத்தைக் காட்டி ஆழம் பார்க்கிறாள் என்று அவருக்கு ஒரே உற்சாகம். "இதுக்கு அதுவே தேவலைம்மா" என்று கண்ணைச் சிமிட்டாத குறையாகச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள்.

மனைவி துண்டும் கையுமாக வந்தாள்.

"ஒரு கம்பளி பாத்து வெச்சிருக்கேன்டி" என்றார் ரகசியமாக. "முதல் நொட்டை போட்டாச்சு. காலையில கேட்டா படிஞ்சிடுவா."

அவள் துண்டு அப்படியே நின்றது. "என்னங்க பண்ணி வெச்சீங்க? அது விக்கிற போர்வையில்லீங்க. குளிரும்னு அந்தம்மா தன் படுக்கையிலேருந்து எடுத்தது. அவங்களே நெய்ததாம், கிணத்தடியில சொல்லிட்டிருந்தாங்க." பிறகு வளைவில் வழிகாட்டி சொன்னதையெல்லாம் சொன்னாள். "நீங்க ஜவுளிக்காரர்னு வேற நான் பெருமையடிச்சுட்டு வந்திருக்கேன். என் வாயில மண்ணைப் போட."

பலகைத் தடுப்பு குரலைத் தடுக்குமா? அப்போதுதான் அந்தப் பக்கம் வந்த வீட்டுக்காரர் தன் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது: "ஒருத்தர் சொன்னா ஊரே சொன்ன மாதிரியா? விடு."

"துணியிலேயே பிறந்து வளந்தவராம். அவருக்குத் தெரியாதா? ஆசையா எடுத்துக் கொடுத்தேன் பாரு, எனக்கு வேணும். காலையில அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன், நமக்கு இது சரிப்படாதுன்னு."

நொட்டைக்காரருக்கு உச்சந்தலையிலிருந்து சுட்டது. கடைத்தெருவில் எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொல்லியிருப்பார், ஒருவனாவது நம்பியிருப்பானா? நம்பமாட்டான் என்ற தைரியத்தில்தானே சொன்னது. இங்கே ஒருத்தி நம்பித் தொலைத்துவிட்டாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனார். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போர்வை... நல்ல போர்வைம்மா. நான் சும்மா சொன்னேன்."

"பரவாயில்லீங்க" என்றாள் நிமிராமல். "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. உள்ளதைச் சொன்னா என்ன தப்பு?"

நிஜத்தைச் சொன்னால் இவளுக்கு உபசாரமாகப் படுகிறது. பொய் மட்டும் சத்தியமாக நிற்கிறது. அங்கேயே அவள் புருஷனையும் கூப்பிட்டு நடந்ததை உடைத்திருக்கலாம். வாய் வரவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் மானம் போகுமே என்று திரும்பிவிட்டார். அதற்குப் பரிகாரமாகச் சாப்பாட்டில் வாரி இறைத்தார். கிழங்கு அருமையாயிருக்கு என்றார், சூப் அருமையாயிருக்கு என்றார். மனைவி தட்டிலிருந்து ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

தன் கடைப் போர்வையில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அவர் படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். விடியும்போது பல் தந்தியடித்தது.

காலையில் முற்றத்தில் எல்லோரும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் கையைத் துடைத்தபடி வழிகாட்டியிடம் வந்தாள். "கண்ணு, தப்பா நினைக்காதே. எங்க வீடு இதுக்கெல்லாம்..."

"ஒரு நிமிஷம்மா." நொட்டைக்காரர் நடுவில் வந்து நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. "நேத்து நான் சொன்னது அத்தனையும் பொய். ஓரம் இழுக்கல. நூல் ஒரே சீரு. சாயம் உங்க காலத்துக்கும் நிக்கும். விலையை அடிச்சு அதை வாங்கிடலாம்னு பாத்தேன். நல்ல சரக்கைக் கண்டா நொட்டை சொல்றதும், ஆகாததை அருமைன்னு சொல்லித் தள்ளிவிடறதும்தான் எங்க தொழில் பழக்கம். விருந்துக்கு வந்த வீட்டுல கடைபோட்டுட்டேன். மன்னிச்சுடுங்க."

அந்த அம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்படீன்னா, நேத்து சாப்பாட்டை அருமைன்னீங்களே?"

குபீரென்று சிரிப்பு வெடித்தது. வீட்டுக்காரர் முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நொட்டைக்காரரின் மனைவிகூடக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நொட்டைக்காரர் ஒருவருக்குத்தான் சிரிக்க வரவில்லை. சூப்பில் உப்பு தூக்கல்தான். அவருக்கும் தெரியும், இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவள் வழிகாட்டியிடம் திரும்பினாள். "சரி கண்ணு. வரச்சொல்லு. உப்பைக் குறைச்சுக்கறேன்."

வழிகாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் அந்த அம்மாள், குரல் கொஞ்சம் இறங்கி. "சாப்பாடு போடறேன், இடம் கொடுக்கறேன். போர்வை மட்டும் அவங்கவங்க கொண்டு வந்துடட்டும். என்னோடதை இனிமே எடுக்கமாட்டேன்."

"சொல்லிடறேன்க்கா" என்றாள் வழிகாட்டி. நொட்டைக்காரர் இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்த்துவிடாமல் இருக்கப் பாடுபட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

இறக்கம் ஆரம்பித்தது. இதற்காகத்தானே ஏறினோம் என்று மற்றவர்கள் கூவிக்கொண்டு பறந்தார்கள். நொட்டைக்காரர் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே இறங்கினார். இனி இந்த வழியில் வருகிற ஒவ்வொருத்தரும் போர்வையை முதுகில் கட்டிக்கொண்டு இதே ஏற்றத்தில் மூச்சு வாங்குவார்கள். அது எதற்கு என்று கேட்டால், அந்த வீட்டில் அப்படித்தான் என்பார்கள்.

கீழ்வளைவில் மனைவி காலூன்றி நின்றிருந்தாள். தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"எப்படியிருந்துச்சு பயணம்?" என்று கேட்டாள்.

நல்லாயிருந்தது என்றால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வாள், குறை சொன்னால் பிடித்துப்போயிற்று என்பாள். அவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.