எலும்பில் சேராத சத்து

வாலுவுக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றி நிற்க முடியவில்லை. முட்டிகள் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. பிறந்தபோது இருந்த முடியும் கொட்டித் தலை வழவழவென்று ஆகிவிட்டது. வைட்டமின் டி குறைவு என்று பக்கத்து கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் அவள் அம்மா, வேலைக்குக் கிளம்புமுன் தவறாமல் ஊற்றினாள். மாதங்கள் போயின, கால் இன்னும்தான் வளைந்தது.

"மருந்து உள்ள போனா தேறாமலா இருக்கும்? உன் பொண்டாட்டி ஊத்துறாளா, கொட்டுறாளா?" என்று நாத்தனார் தன் தம்பியின் காதில் ஓதினாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவன் மறுநாளிலிருந்து மருந்தைத் தன் கையாலேயே கொடுத்தான்.

"என்னை நம்பலையா?" என்று கேட்டாள் மனைவி.

"அப்படின்னு யாரு சொன்னா?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவன் கொடுத்தும் கால் நிமிரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையும், பிறகு மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவு வந்த அன்று நாத்தனாரும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

"மருந்து ஒழுங்காத்தான் போயிருக்கு. வைட்டமின் டி உடம்புல ஒரு ஹார்மோனா மாறும். ரத்தத்துல அந்த ஹார்மோன் தேவைக்கு மேலயே இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"அப்புறம் ஏன் எலும்புல சேரலை?" என்று கேட்டான் அவன்.

"ஹார்மோன் தனியா எதுவும் செய்யாதுங்க. செல்லுக்குள்ள அதைப் பிடிச்சுக்க ஒரு புரதம் இருக்கு, ஏற்பின்னு பேரு. அது டிஎன்ஏவுல தனக்கான இடத்தைக் கண்டுபிடிக்கணும். டிஎன்ஏங்கிறது நாலே எழுத்துல எழுதின நீளமான குறிப்பு மாதிரி. அதுல ஒரு ஆறெழுத்து வரிசை, மூணெழுத்து இடைவெளி, மறுபடியும் அதே மாதிரி ஆறெழுத்து. அங்க போய் உட்கார்ந்தாத்தான் குடல்ல கால்சியத்தை இழுக்கிற ஜீன்லாம் வேலையை ஆரம்பிக்கும். இவளோட ஏற்பி ஹார்மோனைப் பிடிக்குது. ஆனா டிஎன்ஏவைப் பிடிக்கிற பாகத்துல ஒரு பிழை. அந்த இடத்துல நிக்க முடியலை. முடி கொட்டினதும் இதனாலதான்."

"பிழை யார் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும்தான். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு மட்டும் இருந்தா வெளியில தெரியாது, ரெண்டும் சேர்ந்ததாலதான் இப்படி."

நாத்தனார் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

கால்சியத்தை நேராக ரத்தத்தில் மாதக்கணக்கில் ஏற்றினால் கால் நிமிரலாம், முடி வருவது கஷ்டம் என்றார் டாக்டரம்மா. வாலுவின் அம்மா முடியைப் பற்றிக் கேட்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"அப்போ இதுக்கு?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பிருக்கு. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

வராந்தாவுக்கு வந்ததும் அவன் கேட்டான்: "ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"எந்த முகத்தைப் பார்த்துச் சொல்றது?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னான்.

வார்டில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திரும்பத் திரும்பக் குத்தினாள். வாலு வீறிட்டாள். ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் அப்பாவும் அவளை அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

சில வாரங்களில் குழந்தை வலியில் சிணுங்குவது குறைந்தது. அவனுடைய ஃபோன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளையின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.