மாத்திரையை நம்பிய கழுத்து

கணவனின் சட்டைகளைத் துவைக்கப் போடும்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எந்தக் காலரிலும் வெயிலுக்குப் பூசும் க்ரீமின் வெள்ளைத் தடம் இல்லை. அலமாரியில் இருந்த புது ட்யூபின் சீல்கூடப் பிரிக்கப்படவில்லை. வெயிலைத் தாங்கத் துணையாக விழுங்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா மட்டும் பாதி காலி. இரண்டையும் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அவள்தான் வாங்கி வந்திருந்தாள்.

அவன் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். போன வருடம் அவன் பின்கழுத்திலிருந்து ஒரு மச்சத்தை டாக்டர் வெட்டியெடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று பரிசோதனை முடிவு வரும்வரை பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் வெயில் படவே கூடாது என்றார் டாக்டர்.

இப்போது அந்தக் கழுத்து செங்கல் நிறத்தில் இருந்தது.

"ஏங்க, க்ரீம் பூசறதே இல்லையா?"

"அதான் மாத்திரை போடறேனே! ஒருநாள்கூட விட்டதில்ல."

"அது ஏதோ கொஞ்சம் துணைக்குங்க. சுவருக்கு அடிப்பூச்சா வெறும் ப்ரைமர் அடிச்சுட்டு, மேல பெயிண்ட் அடிக்காம ஏணியைத் தூக்கிட்டு வந்துடுவீங்களா?"

அவன் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "பழைய ட்யூப் பூசினப்போ கையெல்லாம் பிசுக்கு. சுவரைத் தொட்ட இடத்துல பெயிண்ட் பிடிக்கல. வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் கத்தினார். சாரத்துல நின்னுக்கிட்டு எங்க போய் கை கழுவறது?"

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ மறுபடியும் பயப்படுவேன்னுதான்."

மறுநாள் காலையில் அவளே பூசி அனுப்பினாள். மதிய இடைவேளையில் மருந்துக்கடையிலிருந்து இரண்டு தெரு நடந்து சாரத்தின் அடியில் போய் நின்றாள்.

"இறங்கி வாங்க. காலையில பூசினது வேர்வையோட போயிருக்கும்."

"இங்கேயா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். உங்க கை படவேண்டாம், நான் பூசறேன்."

மேலே இருந்து அவனுடைய கூட்டாளி எட்டிப் பார்த்தான். "அண்ணி, எனக்கும் கொஞ்சம்!"

"உனக்குன்னு ஒருத்தி வருவா. அதுவரைக்கும் காலரைத் தூக்கி விட்டுக்கோ."

சாரம் முழுக்கச் சிரிப்பு. அவன் காது சிவக்கக் குனிந்து நின்றான். மச்சம் எடுத்த தழும்பின் மேல் அவள் விரல் வந்ததும் மெல்ல நின்றது.

"எரியுதா?"

"இல்ல." குரலைத் தாழ்த்திக் கேட்டான், "நாளைக்கும் வருவியா?"


"வராம?" என்றாள். அவன் இன்னும் நிமிரவில்லை.