அறுபது கிலோ அம்மா

"நான் அறுபது கிலோ பொம்பளைடி. உன்னால முடியாது" என்றாள் அம்மா.

அவள் வழுக்கிக்கூட விழவில்லை. குளியலறை முக்காலியிலிருந்து எழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வருஷக்கணக்காக உள்ளுக்குள்ளேயே எலும்பு மெலிந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்து அறைக்குள் நடப்பாள். குளிப்பது, உடுத்துவது எல்லாம் அவளேதான். ஒரு விரல் தொட விடமாட்டாள். படிக்கட்டு மட்டும் முடியாது.

டாக்டர் என்னிடமும் சொன்னார்: "உங்களுக்கும் ஐம்பது தாண்டிடுச்சு. பாரம் தூக்கிப் பழகுங்க. தசைக்கு வேலை கொடுத்தாத்தான் எலும்பும் தாங்கும்." என் எலும்பு எக்கேடு கெட்டால் என்ன என்றிருந்தது எனக்கு.

அம்மா பஸ் கண்டக்டராக இருந்தவள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து டெப்போ தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் மேலே போய், தாமதமாக வரும் டிரைவர்களை வாய் நிறையத் திட்டினால்தான் அவளுக்குப் பொழுது போகும். இப்போது ஹாரன் கேட்கும்போதெல்லாம் கட்டிலிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். அங்கே எதிர்வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. சின்ன வயதில், விடியுமுன் ஷிப்டுக்குப் போய்விடும் அவளுக்காக நானும் அப்படித்தான் வாசலைப் பார்த்துக் கிடந்தேன்.

"ரெண்டு ஆளை வச்சு மேல தூக்கிட்டுப் போயிடலாம்" என்றான் தம்பி.

"நான் என்ன மூட்டையா? எவனும் கை வைக்கக் கூடாது."

"அப்ப நான் தூக்கறேம்மா" என்றேன். அதற்குத்தான் அந்த அறுபது கிலோ பதில்.

வீம்புக்கு ஜிம்முக்குப் போனேன். பயிற்சி தருகிற பெண்ணை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள்; வயதில் எனக்கு மகளாக இருக்கலாம். அறுபது கிலோவோடு மாடிப்படி ஏற வேண்டும் என்றேன். "முதல்ல கை ஊணாம நாற்காலியை விட்டு எந்திரிங்க, பார்ப்போம்" என்றாள். முடியவில்லை. மானம் கப்பலேறியது.

எனக்குச் செருப்புக்கடையில் வேலை. வாடிக்கையாளர் காலடியில் குந்தி அளவு பார்த்துவிட்டு, அலமாரியைப் பிடித்து "அப்பாடா" என்று எழுவேன். சில மாதங்களில் அலமாரி தேவைப்படவில்லை. அடுத்த வருஷம் முழங்கால் மாத்திரையும் மறந்துபோயிற்று. என் எலும்பு மெலிவது நின்றிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சிரித்தார். இதெல்லாம் கேட்காமலே கிடைத்த லாபம்.

கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. மாஸ்டர் கட்டித் தந்த மணல் மூட்டைக்கு மனசுக்குள் அம்மா என்றே பெயர் வைத்திருந்தேன். நாற்பது கிலோ தூக்கிய அன்று மாஸ்டர் கைதட்டினாள். "எங்கம்மா இதுக்கு மேல" என்று சொல்லி இன்னும் மணலைக் கொட்டச் சொன்னேன். ஒரு மழைக்காலம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அறுபதோடு படியேறிய அன்று, வேர்வையும் கண்ணீருமாக வீட்டுக்கு ஓடினேன்.

"கிளம்பும்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினாள். முழங்காலுக்கடியில் ஒரு கை, முதுகுக்கு ஒரு கை கொடுத்து, அறுபதுக்கான மூச்சை இழுத்துத் தூக்கினேன். சட்டென்று மேலே வந்துவிட்டாள். நான்தான் தடுமாறிப் போனேன். நைட்டிக்குள் வெறும் எலும்புதான் இருந்தது. நாற்பதுகூடத் தேறாது. போன வருஷமே தூக்கியிருக்கலாம். அத்தனை சாயங்காலங்களும் வீணாகப் போயிருந்தன.

"என்னடி, கனக்குதா?"

"கனக்காமலா? அறுபதுக்குக் குறையாது."

"சொன்னேன்ல" என்று பெருமையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் என்னைக் கட்டிக்கொண்டதே இல்லை. படிக்கட்டு வந்ததும், "போலாம், ரைட்!" என்றாள்.

மேலே வெயில் தணிந்திருந்தது. டெப்போவுக்குள் வண்டிகள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. "பாரு, தூங்குமூஞ்சி, இப்பத்தான் வர்றான்" என்று ஒருவனைத் திட்டினாள். அங்கே கிடந்த நாற்காலியில் உட்காரவைக்கக் குனிந்தேன். என் கழுத்திலிருந்த கை விடவில்லை.

"ஸ்டாப் இன்னும் வரலடி" என்றாள் அம்மா.